தடாகத்தில் என்ன கோளாறு? இருவர் சேர்ந்து பார்க்கும் வீட்டு நீச்சல் தடாகத்துக்கு ஒரு வழிமுறை

கொழும்பை அடுத்த ராஜகிரியவில் எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு நீச்சல் தடாகம் இருக்கிறது. 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம். ஆழம் ஒரு பக்கம் 1 மீற்றர், மறுபக்கம் 1.8. கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட 45,000 லீற்றர். சான்ட் பில்டர் (மணல் வடிகட்டி) ஒன்று, பம்ப் ஒன்று. ஆள் வைக்கவில்லை. 9 வருடமாக நானும் என் கணவரும்தான் பார்க்கிறோம். அதே கோளாறுகள் திரும்பத் திரும்ப வந்ததில், எது வந்தால் எதை முதலில் பார்ப்பது என்று எங்களுக்குள் ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். செலவில்லாத காரணம் முதலில், காசு கேட்கும் காரணம் கடைசியில்.

மருந்து அளவுகள் எல்லாம் 45,000 லீற்றருக்குச் சொல்கிறேன். உங்கள் தடாகம் இதில் பாதி என்றால் அளவும் பாதி.

## எந்தக் கோளாறு என்றாலும் முதல் கேள்வி: கடைசியாக யார், என்ன போட்டது?

ஒரு வருடம் நல்லூர்த் திருவிழாவுக்குப் போய், இரண்டு கிழமை யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டு வந்தோம். கேற்றைத் திறக்கும்போதே பாசி மணம். தடாகம் ஊர்க்குளம் மாதிரிக் கிடந்தது.

"இஞ்சேருங்கோ, வெளிக்கிட முதல் குளோரின் போட்டனீங்கள்தானே?"

"நீர் போட்டிருப்பீர் எண்டல்லோ நான் நினைச்சன்."

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. ஒரு சனிக்கிழமை காலை அவர் 700 கிராம் போட்டார். பின்னேரம், போடவில்லை என்று நினைத்து நானும் 700 கிராம் போட்டேன். அடுத்த நாள் மகளின் நீல நீச்சல் உடுப்பு தோள்பட்டையில் வெளிறிப்போய் வந்தது.

பம்ப் அறைக் கதவில் கயிறு கட்டி ஒரு சி.ஆர். கொப்பியும் பென்சிலும் தொங்கவிட்டது அதற்குப் பிறகுதான். பேனை வேண்டாம், ஈரத்தில் மை ஊறிவிடும். திகதி, நேரம், யார், என்ன மருந்து, எவ்வளவு, குளோரின், பி.எச். (தண்ணீரின் அமில, கார அளவு), பில்டர் அமுக்கம் என்று கோடு போட்டிருக்கிறோம். எழுதிய பிறகுதான் மருந்து வாளியின் மூடியைத் திறக்க வேண்டும். போட்டுவிட்டு எழுதலாம் என்றால் மறந்துபோகும்.

கொப்பியில் இருக்க வேண்டிய எண்கள்: குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), பி.எச். 7.2 முதல் 7.6, காரத்தன்மை 80 முதல் 120, ஸ்டெபிலைசர் (வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும் மருந்து) 30 முதல் 50. கோளாறு வந்த நாளில் முந்தைய பத்து வரிகளைப் படித்துப் பாருங்கள். எங்களுக்குப் பாதிக் கோளாறுகளின் காரணம் அதிலேயே கிடைத்திருக்கிறது.

ஒன்றை மட்டும் கோளாறு வரும்வரை விட்டுவைக்காதீர்கள். குளோரின் இரண்டு வகையாக வீட்டில் இருக்கும். ஒன்று வாளியில் வரும் தூள், கல்சியம் ஹைப்போகுளோரைட். மற்றது மெதுவாகக் கரையும் வெள்ளை வில்லை, ட்ரைகுளோர். இரண்டும் ஒன்றோடொன்று சேரவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கும். வில்லைத் துகள் ஒட்டிய ஈரக் கரண்டியை இவர் ஒருமுறை தூள் வாளிக்குள் வைத்துவிட்டார். சீறிக்கொண்டு புகை எழும்பியது. வாளி வெளியில், திறந்த இடத்தில் இருந்தது. இருவரும் கையை இழுத்துக்கொண்டு விலகி ஓடினோம். இப்போது தூளுக்குச் சிவப்புக் கோப்பை, வில்லைக்கு நீலக் கோப்பை, இரண்டுக்கும் வேறு வேறு அலுமாரி. பி.எச். இறக்கப் போடும் அசிட் மூன்றாவது இடத்தில். அசிட்டும் குளோரினும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். எதையும் வாளியில் கரைக்கும்போது முதலில் தண்ணீர், பிறகு மருந்து. மாற்றிச் செய்யக் கூடாது.

## தண்ணீர் பச்சை

### அடி தெரிகிறது, சுவர் வழுக்குகிறது

இது தொடக்கம். ஒரே இரவில் திருப்பிவிடலாம்.

முதலில் பம்ப் டைமரைப் பாருங்கள். சுழலும் முள் உள்ள பழைய டைமர் கரண்ட் போனால் அப்படியே நின்றுவிடும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, எங்கள் டைமர் பகலை இரவாக நினைத்துக்கொண்டிருந்தது. இவர் மருந்தைக் கூட்டிக்கொண்டே போனார், நான் பாசிக்கொல்லி வாங்கி வந்தேன். பம்ப் ஓட வேண்டிய நேரத்தில் ஓடவே இல்லை என்று இருவரும் கவனிக்கவில்லை. இப்போதும் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் டைமரின் நேரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்க்கிறோம். கொழும்பு வெயிலில் நாளுக்கு 8 மணித்தியாலமாவது பம்ப் ஓட வேண்டும்.

அடுத்தது பி.எச். அது 7.8க்கு மேல் நின்றால் போடும் குளோரின் பெருமளவு வேலை செய்யாது. முதலில் 7.2க்கு இறக்குங்கள், நாலு மணித்தியாலம் பம்ப் ஓடட்டும், பிறகுதான் குளோரின்.

குளோரின் போடுவது பொழுது பட்ட பிறகு. வெயில் அதைத் தின்றுவிடும். 65 வீதத் தூள் என்றால் 700 கிராம். அதை நாலு வாளியாகப் பிரித்துக் கரைத்து, சுற்றி வர ஊற்றுங்கள். ஊற்ற முன் சுவரைப் பிரஷ் பண்ணிவிட வேண்டும். பாசி சுவரில் ஒட்டியிருந்தால் மேல்படை மட்டும் சாகும், அடியில் இருக்கும் படை தப்பிவிடும். ஏணிக்குப் பின்பக்கம், படிகளின் மூலை, லைட்டின் விளிம்பு மூன்றையும் விடாதீர்கள். எங்களில் ஒருவர் பிரஷ் பண்ண, மற்றவர் ஊற்றுவார். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் ஏணிக்குப் பின்னால் கட்டாயம் விட்டுப்போகும்.

இரவு முழுக்கப் பம்ப் ஓடட்டும். காலையில் பச்சை சாம்பல் நிறமாகிக் கலங்கலாக இருந்தால் பாசி செத்துவிட்டது. இனிக் கலங்கலுக்கான பகுதிக்குப் போங்கள்.

### அடி தெரியவில்லை

முதல் வேலை, கேற்றைப் பூட்டுவது. அடி தெரியாத தண்ணீரில் பிள்ளை விழுந்தால் எங்கே கிடக்கிறது என்று தெரியாது. தண்ணீர் தெளியும்வரை யாரும் இறங்கக் கூடாது, பெரியவர்களும்தான்.

பிறகு வலையால் இலைகளை அள்ளுங்கள். எங்கள் வளவில் மாமரம் நிற்கிறது. அடியில் ஒரு படை இலை அழுகிக் கிடந்தால், எவ்வளவு குளோரின் ஊற்றினாலும் அந்த இலையே குடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாமல் அள்ளுவது சலிப்பான வேலை. அரை மணித்தியாலத்துக்கு ஒருவராக மாறி மாறிச் செய்தோம்.

அதன் பிறகு முதல் இரவு 2 கிலோ தூள். காலையில் குளோரின் பாருங்கள். பூச்சியம் என்றால் அடுத்த இரவும் 2 கிலோ. பில்டர் அமுக்கம் ஏற ஏற பாக்வாஷ் (தண்ணீரை எதிர்ப்பக்கமாக ஓட்டி மணலைக் கழுவுவது) பண்ணுங்கள். முதல் நாளில் மூன்று தடவைகூட வரும். நல்லூரால் வந்த பச்சை நாலு இரவில் போனது.

நாலு இரவு போட்டும் நிறம் அசையவில்லை என்றால் தூள் வாங்கிக்கொண்டே போகாதீர்கள். பில்டர் மணலோ ஸ்டெபிலைசரோதான் காரணம். ஆளைக் கூப்பிடுங்கள்.

### பச்சை, ஆனால் கண்ணாடி மாதிரித் தெளிவு

இது பாசி அல்ல. செம்பு. பாசிக்கொல்லி மருந்துகள் சிலவற்றில் செம்பு இருக்கும். அது கூடினால் தண்ணீர் மரகத நிறத்தில் மினுங்கும். இவர் வாங்கிய போத்தலும் நான் வாங்கிய போத்தலும் ஒரே மாதத்தில் உள்ளே போனபோது எங்களுக்கு இது வந்தது. குளோரின் கூட்ட வேண்டாம், சுவரில் கறை பிடிக்கும். பாசிக்கொல்லியை நிறுத்திவிட்டு, உலோகத்தைப் பிடித்துவைக்கும் மருந்தைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். போத்தலின் பின்பக்கத்தைப் படித்து, செம்பு இருந்தால் அடுத்த முறை எடுக்காதீர்கள்.

### குளோரின் போட்டதும் தேத்தண்ணி நிறம்

கிணற்றுத் தண்ணீரில் இரும்பு. குழாய்த் தண்ணீர் நின்ற ஒரு கிழமையில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நிரப்பினோம். நிரப்பும்போது பளிங்கு. மருந்து போட்டு ஒரு மணித்தியாலத்தில் வெறும் தேத்தண்ணி. பம்பை விடாமல் ஓட்டி, பாக்வாஷ் பண்ணிப் பண்ணி மூன்று நாளில் எடுத்தோம்.

இனிமேல் எந்தத் தண்ணீரையும் உள்ளே விட முன் ஒரு வெள்ளை வாளியில் பிடியுங்கள். ஒரு சிட்டிகை குளோரின் தூள் போட்டு அரை மணித்தியாலம் வையுங்கள். வாளி மஞ்சளித்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். பவுசர்க்காரரிடமும் முதல் வாளியைக் கேட்டு இப்படிப் பார்த்துவிட்டுத்தான் நான் குழாயைப் போடவிடுகிறேன்.

### மூன்றே நாளில் திரும்பவும் பச்சை

வில்லை போடுகிறவர்களுக்கு வருவது. ஒவ்வொரு வில்லையோடும் ஸ்டெபிலைசரும் உள்ளே போகிறது. குளோரின் செலவாகிவிடும், ஸ்டெபிலைசர் தங்கிவிடும். அது 100ஐத் தாண்டினால் குளோரின் எண் சரியாகக் காட்டும், பாசி மட்டும் சாகாது. அதை எடுக்க மருந்து தேடி அலையாதீர்கள், தண்ணீரை மாற்றுவதுதான் வழி.

ஒக்டோபர், நவம்பர் பின்னேர மழையை இதற்குப் பயன்படுத்தலாம். மழைக்கு முன் ஒரு சாண் தண்ணீரை வெளியே விட்டால் மழை அதை நிரப்பித் தரும். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறக்காதீர்கள், காரணத்தைத் தண்ணீர் குறையும் பகுதியில் சொல்கிறேன். மழைத் தண்ணீர் நிறையச் சேர்ந்தால் காரத்தன்மை இறங்கிவிடும், பி.எச். ஒரு நாள் ஏறும் ஒரு நாள் இறங்கும். 750 கிராம் அப்பச்சோடா அதை 10 பி.பி.எம். உயர்த்தும்.

## மருந்து போட்டும் சோதனைக் குழாயில் நிறமே இல்லை

எங்கள் வீட்டில் அதிகம் வாக்குவாதம் வந்தது இதில்தான்.

இவர் குழாயில் தண்ணீர் பிடித்து மாத்திரையைப் போடுவார். தண்ணீர் நிறமில்லாமல் நிற்கும். "பாரும், குளோரின் பூச்சியம்" என்று இன்னும் ஒரு கோப்பை போடுவார். திரும்பப் பார்த்தாலும் பூச்சியம். எனக்கோ பக்கத்தில் போனால் மூக்கு எரிகிறது. இரண்டு பேரும் கண்ணால் கண்டதைத்தான் சொன்னோம்.

இளஞ்சிவப்பு நிறம் காட்டும் சோதனையில் குளோரின் மிகவும் கூடினால் அந்த நிறத்தையே வெளுத்துவிடும். குழாயை வெள்ளைச் சுவருக்கு முன் பிடித்து, மாத்திரை விழும் அந்த நொடியைப் பாருங்கள். ஒரு கீற்று ரோஸ் நிறம் தோன்றி மறைந்தால் குளோரின் இல்லாததல்ல, அளவுக்கு மிஞ்சிக் கிடக்கிறது. உறுதிப்படுத்த, ஒரு பங்கு தடாகத் தண்ணீரோடு நாலு பங்கு போத்தல் தண்ணீர் கலந்து சோதியுங்கள். வரும் எண்ணை ஐந்தால் பெருக்குங்கள். அதே நாளில் பி.எச். குழாய் ஊதா நிறம் காட்டினாலும் நம்பாதீர்கள், அதுவும் குளோரின் செய்யும் வேலை.

குளோரின் கூடிவிட்டால் செலவே இல்லை. மருந்தை நிறுத்துங்கள், மூடி வைத்திருந்தால் திறவுங்கள், இரண்டு நாள் வெயில் படட்டும். 3க்கு இறங்கும்வரை யாரும் குளிக்க வேண்டாம்.

கீற்றுக்கூட வரவில்லை என்றால் மாத்திரையின் காலாவதித் திகதியைப் பாருங்கள். பம்ப் அறைப் புழுக்கத்தில் வைத்த சோதனை மருந்து சீக்கிரம் கெட்டுப்போகும். எங்களுடையது இப்போது சாப்பாட்டு அறை லாச்சியில் இருக்கிறது.

## தண்ணீர் கலங்கல்

வரிசையாகப் பாருங்கள். குளோரின் குறைவா? பி.எச். 7.8க்கு மேலா? பம்ப் போதிய நேரம் ஓடியதா? பில்டரின் கைபிடி சரியான இடத்தில் நிற்கிறதா? பாக்வாஷ் முடித்தவர் கைபிடியை "பில்டர்" இடத்துக்குத் திருப்பாமல் "சுழற்சி" இடத்தில் விட்டுவிட்டால், தண்ணீர் மணலைத் தொடாமலே சுற்றி வந்துகொண்டிருக்கும். எங்களுக்கு இரண்டு முறை நடந்தது, ஆளுக்கு ஒரு முறை.

இவை எல்லாம் சரி, இன்னும் கலங்கல் என்றால் படிகாரம். சீனக்காரம் என்றும் சொல்வார்கள். கலங்கிய குடத்துத் தண்ணீருக்கு அம்மம்மா போட்ட அதே சாமான்தான். 2 கிலோவைக் கரைத்து ஊற்றி, கைபிடியைச் சுழற்சியில் வைத்து இரண்டு மணித்தியாலம் ஓட்டி, பம்பை நிறுத்துங்கள். இரவு முழுக்கத் தண்ணீர் அசையக் கூடாது. காலையில் கலங்கல் முழுவதும் அடியில் பஞ்சு மாதிரிப் படிந்திருக்கும். கைபிடியைக் "கழிவு" இடத்துக்கு மாற்றி, வக்குவம் தலையை ஆமை வேகத்தில் இழுத்து அதை வெளியே விடுங்கள். பில்டருக்குள் விட்டால் மணல் கட்டியாகிவிடும். வேலை முடிந்ததும் காரத்தன்மையைப் பாருங்கள், படிகாரம் அதை இறக்கும்.

படிகாரம் போட்ட இரவு டைமரையும் நிறுத்துங்கள். நான் பம்பை நிறுத்திவிட்டுப் படுத்தேன். காலை 6 மணிக்கு டைமர் தானாக ஓட்டி, படிந்ததை எல்லாம் கிளப்பிவிட்டது. இப்போது சுவிட்சின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, ஒட்டியவர் பெயரை எழுதுகிறோம். ஒட்டியவர்தான் உரிக்கலாம்.

இதற்கும் அசையாத கலங்கல் என்றால் பில்டர் மணல். 5 முதல் 7 வருடத்துக்கு ஒருமுறை அது மாற வேண்டும். மணலைக் கிளறும்போது உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் விரல்கள் உடைந்தால் செலவு இரட்டிப்பாகும் என்பதால் இதை ஆளிடம் விட்டோம். சுவர்த் துவாரங்களால் தடாகத்துக்குள் மணல் வந்து விழுந்தால் அந்த விரல்கள் ஏற்கனவே உடைந்துவிட்டன, அன்றைக்கே கூப்பிடுங்கள்.

### பாக்வாஷ் எத்தனை நாளுக்கு ஒருமுறை?

இவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் செய்வார். ஒழுங்கான மனிதர், ஞாயிறு என்றால் ஞாயிறு. ஆனால் லேசாக அழுக்குப் பிடித்த மணல்தான் நுண்ணிய தூசியைப் பிடிக்கும். தேவையில்லாமல் கழுவினால் கலங்கல் தங்கும், தண்ணீரும் வீண். புதிதாகக் கழுவிய அன்று அமுக்கமானி காட்டிய எண்ணை நாங்கள் பில்டரின் மேல் பெயின்ற்றால் எழுதியிருக்கிறோம்: 0.8 பார். அது 1.4க்கு ஏறினால் பாக்வாஷ், ஏறாவிட்டால் இல்லை. எண்ணை எழுதிய நாளோடு அந்த விவாதம் முடிந்தது. கைபிடியைத் திருப்ப முன் பம்பை நிறுத்துங்கள், ஓடும்போது திருப்பினால் உள்ளிருக்கும் ரப்பர் கிழியும்.

## கண் சிவக்கிறது, குளோரின் மணம் அடிக்கிறது

குளோரின் கூடிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அது போதவில்லை. வியர்வையும் சிறுநீரும் சேர்ந்து கெட்டுப்போன குளோரின்தான் அப்படி மணக்கும். பி.எச். முதலில் பாருங்கள். அது சரி என்றால் மொத்தக் குளோரினையும் சுதந்திரக் குளோரினையும் (கெட்டுப்போகாமல் மிஞ்சியது) தனித்தனியாகச் சோதியுங்கள். வித்தியாசம் 0.5ஐத் தாண்டினால் அன்று இரவு 700 கிராம். மஞ்சள் நிறம் காட்டும் மலிவான கிட் மொத்தத்தை மட்டும்தான் காட்டும், இதற்கு உதவாது.

பிள்ளைகள் இறங்க முன் மேல் கழுவினால் இந்தக் கோளாறு பாதியாகக் குறையும்.

## பம்ப்

### ஓடுகிறது, தண்ணீர் இழுக்கவில்லை

கண்ணாடி மூடிக்குள் நுரையும் குமிழியும் தெரிந்தால் காற்று போகிறது. தண்ணீர் மட்டம் ஸ்கிம்மர் (மேல்தண்ணீரையும் மிதக்கும் இலையையும் இழுக்கும் சுவர்த் துவாரம்) வாயின் பாதிக்குக் கீழே இறங்கியிருக்கிறதா? ஸ்கிம்மர்க் கூடையிலும் பம்ப் கூடையிலும் மா இலை அடைத்திருக்கிறதா? அடுத்தது மூடியின் ரப்பர் வளையம். அதைக் கழற்றி, விரலால் சுற்றி வரத் தடவிப் பாருங்கள். ஒரு மணல் துகள், ஒரு மயிரிழை இருந்தாலே காற்றுப் போகும். துடைத்து, சிலிக்கோன் கிரீஸ் பூசுங்கள். வாஸ்லின் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும்.

வளையமும் சரி என்றால் பம்ப் ஓடும்போது முன்பக்கப் பைப் பொருத்துகளில் சேவிங் நுரையைப் பூசுங்கள். எந்த இடத்தில் நுரை உள்ளே இழுபட்டுக் குழி விழுகிறதோ அதுதான் ஓட்டை. வெளியே தெரியும் பொருத்து என்றால் பைப் பாஸ் ஒரு பின்னேரத்தில் முடித்துவிடுவார். நிலத்துக்குக் கீழே என்றால் தடாக வேலை தெரிந்தவர்தான் வேண்டும்.

தண்ணீர் இல்லாமல் பம்பை ஓடவிடாதீர்கள். சீல் எரிந்துவிடும்.

### உறுமுகிறது, சுற்றவில்லை

நிறுத்துங்கள். பெரும்பாலும் கபாசிட்டர். சின்னச் சாமான்தான், பழைய சோனகத் தெருவில் விசாரித்தால் அகப்படும். ஆனால் கரண்டை நிறுத்திய பிறகும் அதற்குள் மின்சாரம் நிற்கும். இவர் கையில் ஸ்க்ரூட்ரைவர் எடுத்தார், நான் விடவில்லை. எலெக்ட்ரீசியன் மாற்றட்டும்.

### ட்ரிப் அடிக்கிறது

இதில் சோதனை எதுவும் இல்லை. தண்ணீரில் இருப்பவர்கள் வெளியே வர வேண்டும். திரும்பத் திரும்ப சுவிட்சைத் தூக்கக் கூடாது. மே மாத மழையில் மோட்டர்ப் பெட்டிக்குள் ஈரம் போயிருக்கலாம், தண்ணீருக்குள் இருக்கும் லைட்டாகவும் இருக்கலாம். எதுவென்று எலெக்ட்ரீசியன் சொல்லும்வரை தடாகம் பூட்டு. போயா நாள், ஆள் வரமாட்டார் என்றால் அடுத்த நாள்வரை பூட்டியே கிடக்கட்டும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் தடாகத்துக்கென்று தனியாக இல்லாவிட்டால் அன்றைக்கே போடச் சொல்லுங்கள்.

## தண்ணீர் குறைகிறது

எங்கள் தடாகத்தில் 1 சென்றிமீற்றர் என்றால் 320 லீற்றர். வெயிலுக்குப் போவது எது, ஒழுகிப் போவது எது என்று பிரித்தறிய ஒரு வாளி போதும்.

வாளியில் தடாகத் தண்ணீரை நிரப்பி முதல் படியில் வையுங்கள். வாளிக்குள் இருக்கும் மட்டமும் வெளியே தடாக மட்டமும் ஒன்றாக இருக்கட்டும். இரண்டுக்கும் டேப் ஒட்டுங்கள். மழையில்லாத 24 மணித்தியாலம், யாரும் குளிக்க வேண்டாம், குழாயும் திறக்க வேண்டாம். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். எங்கள் முதல் வாளிச் சோதனை வீணானது, நான் டேப் ஒட்டியது தெரியாமல் இவர் காலையில் மட்டம் குறைந்திருக்கிறதே என்று குழாயைத் திறந்துவிட்டார்.

இரண்டும் ஒரே அளவு இறங்கினால் வெயில்தான். தடாகம் கூட இறங்கினால் ஒழுக்கு. அப்போது சோதனையை இரண்டு முறை செய்யுங்கள், ஒருமுறை பம்ப் ஓட, ஒருமுறை நிற்க.

### பம்ப் ஓடும்போது அதிகம்

கழிவுப் பைப்பின் வாயை முதலில் பாருங்கள். பில்டர் நிலையில் இருக்கும்போது அதில் சொட்டிக்கொண்டிருந்தால் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் கிழிந்துவிட்டது. மலிவான திருத்தம். எங்களுக்கு இரண்டு மாதத் தண்ணீர் பில் ஏறியதற்கு இதுவே காரணம். கழிவுப் பைப் காய்ந்திருந்தால் திரும்பி வரும் பைப்பில் எங்கோ வெடிப்பு. ஆள் வந்து அமுக்கம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

### பம்ப் நிற்கும்போது அதிகம்

இழுக்கும் பக்கப் பைப். ஓடும்போது கண்ணாடி மூடிக்குள் குமிழியும் வந்தால் ஐயமே இல்லை.

### இரண்டிலும் ஒரே அளவு

தொட்டியில்தான். தண்ணீர் தானாக எங்கே வந்து நிற்கிறது என்று பொறுத்திருந்து பாருங்கள். ஸ்கிம்மர் வாய்க்கருகே நின்றால் ஸ்கிம்மர்ப் பொருத்து. லைட்டின் உயரத்தில் நின்றால் லைட். ஐயமான வெடிப்புக்குப் பக்கத்தில், பம்பை நிறுத்தி, தண்ணீர் அசையாதபோது, ஊசியில்லாத சிரிஞ்சில் கேசரிக் கலர் கரைசலை மெதுவாக விடுங்கள். நல்ல இடத்தில் அது புகை மாதிரித் தொங்கி நிற்கும். ஓட்டை இருந்தால் நூல் மாதிரி நீண்டு உள்ளே போகும். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு மூச்சுப் பிடித்துப் பார்க்க, இவர் மேலிருந்து சோக்கால் இடத்தைக் குறித்தார். மூன்றாவது டைல் பொருத்தில் சிவப்பு நூல் உள்ளே போனதை இன்றைக்கும் மறக்கவில்லை. சின்ன வெடிப்பு என்றால் தண்ணீருக்குள்ளேயே இறுகும் எப்பொக்சி போதும்.

ஒழுக்கு எங்கே என்று பார்க்கத் தடாகத்தை முழுக்க இறைத்துவிடலாம் என்று ஒருவர் உங்களுக்குச் சொல்வார். எங்களுக்கும் சொன்னார்கள். கொழும்பில், அதுவும் ராஜகிரிய, கோட்டே பக்கத்துச் சதுப்பு நிலத்தில், மழைக்காலத்து நிலத்தடித் தண்ணீர் மேலே வந்து நிற்கும். உள்ளே பாரம் இல்லாத தொட்டியை அது கீழிருந்து தள்ளும். தொட்டி வெடிக்கும், சில நேரம் அப்படியே மேலெழும்பும். அது திருத்தக்கூடிய கோளாறு அல்ல. முழுக்க இறைக்க வேண்டிய வேலை என்றால், நிலத்துத் தண்ணீரை முதலில் இறக்கத் தெரிந்த ஒப்பந்தக்காரரோடு வரண்ட மாதத்தில் செய்யுங்கள். பெப்ரவரி எங்களுக்குச் சரிவந்தது.

## கறை

ஒரு குளோரின் வில்லையைக் கையுறையோடு கறையின் மேல் அரை நிமிடம் தேயுங்கள். வெளுத்தால் இலைக் கறை, இரவுக் குளோரினில் மிச்சமும் போகும். வெளுக்காவிட்டால் இன்னோர் இடத்தில் விற்றமின் சி மாத்திரையைத் தேயுங்கள். அதில் வெளுத்தால் இரும்பு. இரண்டும் ஒரே இடத்தில் தேய்க்க வேண்டாம். டைல் விளிம்பில் வெள்ளைப் படை என்றால் கல்சியம், அதற்குத் தும்பும் வினாகிரியும் போதும். எதற்கும் அசையாததை நாங்கள் விட்டுவிட்டோம்.

## நுளம்புக் குடம்பி

குளோரின் இருந்து தண்ணீர் ஓடும் தடாகத்தில் குடம்பி வராது. வந்தால் தடாகத்தில் குளோரின் தீர்ந்து பல நாள். ஆனால் டெங்கு நுளம்பு பெரிய தண்ணீரை விடச் சுற்றி இருப்பவற்றைத்தான் தேடும்: மடித்து வைத்த மூடியின் சுருக்கத்தில் தேங்கியது, பிள்ளைகளின் மிதவை, கவிழ்க்காத வாளி, பம்ப் அறைக்குப் பின்னால் கிடக்கும் மருந்து மூடி. முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும் என்பதால், ஞாயிறு பாக்வாஷுக்கு ஒதுக்கிய நேரத்தில் இவர் இப்போது வளவைச் சுற்றி வருகிறார். நுளம்பு பெருகுவதைத் தடுக்க 2007இல் வந்த 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, குடம்பி கண்டால் வளவுக்காரர் மேல் வழக்குப் போடலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தபோது கொப்பியைத்தான் முதலில் காட்டினோம். குளோரின் எண்களைப் பார்த்துவிட்டு, மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

## இரண்டு பேரும் வீட்டில் இல்லாத நாட்கள்

வெளிக்கிட முதல் நாள் பின்னேரம் கூடைகளைக் காலி பண்ணி, மட்டத்தை ஸ்கிம்மர் வாயின் முக்காலுக்கு நிரப்பி, பி.எச். பார்த்து, பொழுது பட 700 கிராம் போடுகிறோம். வில்லை மிதவையை அப்போது மட்டும் பயன்படுத்துகிறோம், தூள் கரைந்து முடிந்த அடுத்த நாள் காலையில், இரண்டு வில்லை. டைமரை மற்றவர் பார்க்க வேண்டும், மருந்து போட்டவர் அல்ல. கேற் பூட்டு, திறப்பு பக்கத்து வீட்டு அக்காவிடம்.

போன வருடம் நல்லூருக்குப் போய் ஆறாம் நாள் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டு, தண்ணீர் லேசாகக் கலங்கியிருக்கிறது என்றார். கொப்பியின் கடைசி வரியையும் பில்டரில் முள் எங்கே நிற்கிறது என்பதையும் வாசிக்கச் சொன்னேன். முள் 1.5இல் நின்றது. பாக்வாஷ் செய்யும் விதத்தை இவர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, அக்காவின் மகன் பம்பை நிறுத்திக் கைபிடியைத் திருப்பினான். முடித்ததும் கொப்பியில் தன் பெயரில் ஒரு வரி எழுதினான்.